ஊதச் சொன்னவள்

எங்கள் ஊரில் பழிவாங்குவதற்குக்கூடப் படகு வந்தாக வேண்டும். மண்ணெண்ணெய், சோப்பு, பரீட்சைத் தாள், பாதிரியார் எல்லாம் அந்த ஒரே படகில்தான் வந்து இறங்கும். அகோசிடா தன் எதிரி வந்து இறங்குவதற்காக ஜூன் மாதத்திலிருந்து அக்டோபர் வரை காத்திருந்தாள். நானும் கூடவே காத்திருந்தேன். அதனால் என் பங்கையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நான் லம்பாசாக்காரி. கரும்புத் தோட்டத்து வீட்டில் பிறந்தவள். பள்ளிக்கூட வேலைக்கு இந்த நவுனிசேயாவுக்கு வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. எனக்குப் பக்கத்து வீடு அகோசிடாவும் அவள் புருஷன் விலிகேசாவும். பிள்ளைகள் இரண்டு பேரும் தலைநகர் சுவாவுக்குப் பிழைக்கப் போய்விட்டார்கள். இவர்களுக்கு இருப்பது தென்னை. தேங்காயைப் பொறுக்கி, கோடரியால் இரண்டாகப் பிளந்து, பருப்பைத் தோண்டி, கொட்டகைக்குள் மூங்கில் பரண்மேல் பரப்பி, அடியில் மட்டையும் சிரட்டையும் போட்டு எரிப்பார்கள். இரண்டு நாள் நெருப்பு அணையக்கூடாது, ஓங்கவும் கூடாது. ஓங்கினால் கொப்பரை கருகும். கருகினதை ஆலைக்காரன் காலால் தள்ளிவிடுவான். அதனால் நெருப்புக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்தே இருக்க வேண்டும்.

விலிகேசா அந்த ஆளானது அவனுடைய நெஞ்சுக் கோளாறால். சின்ன வயதில் வந்த காய்ச்சல் இதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. எங்கள் விரிகுடாவில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் இப்படி ஒருவர் உண்டு. மரம் ஏறாதே, மூட்டை தூக்காதே என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். சரி, உட்கார்ந்து செய்கிற வேலை என்று நெருப்புக் காவலை அவனுக்குக் கொடுத்தார்கள். புகைக்குள் உட்கார்ந்தே அவன் நாள் போயிற்று.

வருஷத்துக்கு ஒரு தடவை, நவம்பரில், வெளிநாட்டு டாக்டர்கள் சுவாவுக்கு வந்து பன்னிரண்டு பேருக்குக் காசு வாங்காமல் வால்வு மாற்றிவிட்டுப் போவார்கள். புகைக்கிறவர்களைத் தொடமாட்டார்கள். அது அவர்கள் சட்டம். விலிகேசா பதினான்கு வயதிலிருந்து சுக்கி பிடிக்கிறவன். சுக்கி என்றால் கயிறாகத் திரித்த நாட்டுப் புகையிலை. நறுக்கிச் செய்தித்தாளில் சுருட்டிப் பற்றவைப்பார்கள். போன வருஷம் மார்ச்சில் அதை விட்டான். விட்டான் என்று ஒரு வார்த்தையில் சொல்கிறேன். அந்த மாதம் அவர்கள் வீட்டிலிருந்து பறந்து வந்த தட்டுகளை என் முற்றத்திலிருந்து பொறுக்கிக் கொடுத்தவள் நான். எலுமிச்சை இலையை ஆடு மாதிரி மென்றுகொண்டே திரிந்தான். ராத்தூக்கம் போயிற்று, சாப்பாடு போயிற்று, வாய் மட்டும் இரண்டு மடங்காயிற்று. மே மாதத்துக்குள் மனுஷன் அடங்கினான். அதற்குப் பிறகு ஒரு சுக்கிகூட அவன் தொடவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கிறவளுக்குத் தெரியாமலா போகும்.

அந்த வருஷம்தான் டாக்டர் ரைஜீலி எங்கள் ஊரைத் தன் ஆராய்ச்சிக்கு எடுத்திருந்தாள். புகையை விடவைக்கும் திட்டம். பதினோரு ஊர்களில் நடந்தது. ஏழைதான் அதிகம் புகைக்கிறான், ஏழைதான் சீக்கிரம் சாகிறான், இது தலையெழுத்து இல்லை, யாரோ பார்த்துச் செய்தது என்று ஊர்ச் சபையில் பேசுவாள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. இன்றைக்கும் பிடிக்கும். அவள் சுவாவில் இருக்கிறாளே ஒழிய, பிறந்தது நமாதாவா தீவு. நமாதாவாக்காரர்கள் எங்கள் ஊருக்குத் தௌவு.

தௌவு என்றால், எந்தக் காலத்திலோ ஒரே தெய்வத்துக்குப் பிறந்த இரண்டு ஊர்க்காரர்கள். கண்டபடி ஏசலாம், வீட்டுக்குள் புகுந்து பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம், பிடித்து உட்காரவைத்து வேலை வாங்கலாம். ஏச்சு வாங்கினவர் கோபப்படக்கூடாது. கோபப்பட்டால் அவருக்குத்தான் கேவலம்.

ரைஜீலி ஒரு மெஷின் கொண்டுவந்தாள், கைக்குள் அடங்குகிற மாதிரி. மூச்சைப் பிடித்து அட்டைக் குழாயில் ஊதினால் உள்ளே இருக்கிற புகை விஷத்துக்கு ஒரு எண் காட்டும். ஆறுக்குக் கீழே பச்சை விளக்கு, பத்தைத் தாண்டினால் சிவப்பு. நவுனிசேயா ஆண்கள் எல்லோரும் சபையில் திமிங்கிலப் பல்லை வைத்து, இனிப் புகைப்பதில்லை என்று சத்தியம் செய்திருந்தார்கள். ஊர் மொத்தமும் பச்சை காட்டினால் படகுத்துறையில் 'புகையில்லா ஊர்' என்று பலகை நடுவார்கள். அந்தப் பலகைமேல் ஊர்த்தலைவர் நைம்புகாவுக்கு அவ்வளவு ஆசை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படகு வருகிற சேதி வானொலியில் முன்னாலேயே வரும். சேதி கேட்டதும் ஆண்கள் ஒரு நாள் முழுக்க சுக்கியைத் தொடமாட்டார்கள். அந்த மெஷினுக்கு ஒரு நாள் போதும், மூச்சு கழுவினாற்போல் ஆகிவிடும். படகு திரும்பிய சாயங்காலமே சதுப்புக்காட்டுப் பக்கம் புகை எழும். இது எனக்குத் தெரியும், ஊரில் எல்லோருக்கும் தெரியும். பதினோரு ஊருக்கும் சேர்த்து ஆராய்ச்சி செய்தவளுக்குத்தான் தெரியவில்லை.

போன அக்டோபரில் வரிசையாக ஊதினார்கள். நைம்புகா ஊதினார், பச்சை. அவர் தம்பி ஊதினான், பச்சை. விலிகேசா கொட்டகையிலிருந்து நேராக எழுந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு ஊதினான். பதினாறு. சிவப்பு.

ரைஜீலி மறுபடி ஊதச் சொன்னாள். மறுபடியும் பதினாறு. அவள் சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை, தௌவுச் சிரிப்பு. சபை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"நவுனிசேயாக்காரன் வாயை நம்பாதன்னு எங்க அப்பா அப்பவே சொன்னார். மெஷின் பொய் சொல்லாது தௌவு. வாய்தான் சொல்லும்."

சபை வெடித்துச் சிரித்தது. விலிகேசாவும் சிரித்தான். சிரிக்காமல் என்ன செய்வான். நான் விட்டுட்டேன், நிஜமாத்தான் விட்டுட்டேன் என்று இரண்டு தடவை சொன்னான். அதற்கும் சிரித்தார்கள். அவள் தாளில் அவன் பேருக்கு நேராகக் கோடு போட்டாள். வால்வு டாக்டர்களுக்குப் பேர் எழுதி அனுப்புகிறவளும் அவள்தான்; அவன் பேரும் அந்தக் கோட்டோடு போயிற்று. பலகையும் வரவில்லை.

பலகை போன ஆத்திரத்தை ஊர் விலிகேசாமேல் காட்டியது. எங்கள் ஊரில் தேங்காய் உடைப்பது கூட்டு வேலை; வாரம் ஒரு வீட்டுக்குப் பத்து ஆண்கள் சேர்ந்து வந்து உடைத்துக் கொடுப்பார்கள். அவன் முறை வந்தபோது ஒருவரும் வரவில்லை. சாயங்காலம் யங்கோனா வேரைக் கரைத்துக் குடிக்கக் கிண்ணத்தைச் சுற்றி உட்காரும்போது அவனுக்கு இடம் விடவில்லை. கெட்ட வால்வோடு அவன் கோடரியை எடுத்தான். பத்துக் காய் உடைப்பான், உட்காருவான், உதடு நீலமாகும், மறுபடி எழுவான். அகோசிடா கோடரியைப் பிடுங்கித் தானே உடைத்தாள். அந்த வருஷம் அவள் தோள் ஆண்பிள்ளைத் தோளாக மாறியதைக் கண்ணால் பார்த்தேன். அவள் என்னிடம் அழுதது கிடையாது. ரைஜீலி பேரைச் சொல்லும்போது மட்டும் ஓங்கிப் பிளப்பாள்.

ஜூன் மாதம், அரைப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூட அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தேன். சாக்பீஸ் பெட்டிகளுக்குப் பின்னால் அந்த மெஷின் ஒன்று கிடந்தது. ரைஜீலியோடு வந்த பெண் மறந்து வைத்துவிட்டுப் போனது. டிசம்பரிலேயே பார்த்து, அடுத்த படகில் அனுப்பலாம் என்று நான் ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தது. அகோசிடா நெருப்பைப் புருஷனிடம் விட்டுவிட்டு எனக்கு ரொட்டிப்பழம் சுட்டது கொண்டுவந்திருந்தாள். மெஷினைப் பார்த்ததும் அவள் முகம் சுண்டியது.

"இந்தச் சனியன் இங்கயா இருக்கு?"

"அடுத்த படகுல ஏத்திடறேன்."

"ஏத்து. கடல்ல போடு. இரு, எப்படி ஊதுறது இதை? அந்தாளைக் கெடுத்தது எப்படின்னு பாக்கணும்."

அட்டைக் குழாயைச் செருகிக் கொடுத்தேன். அகோசிடா பிறந்ததிலிருந்து சுக்கியை மோந்துகூடப் பார்க்காதவள். அவர்கள் தேவாலயத்தில் புகைக்கிற பெண்ணை முன்வரிசையில் உட்காரவிடமாட்டார்கள். இவள் எப்போதும் முன்வரிசை. மூச்சைப் பிடித்து ஊதினாள். எண் ஏறிக்கொண்டே போனது. இருபத்திரண்டு. சிவப்பு.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"கெட்டுப்போச்சு போல" என்றேன்.

"நீ ஊது டீச்சர்."

ஊதினேன். எனக்குக் கேஸ் அடுப்பு. இரண்டு. பச்சை.

அகோசிடா தன் கையை முகர்ந்து பார்த்தாள், பிறகு பாவாடையை. பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் படிப்பு ஆறாவதுதான். ஆனால் நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கொட்டகைப் புகை" என்றாள். "மட்டைப் புகை, டீச்சர். சுக்கி இல்ல. மட்டைப் புகை."

நிச்சயம் பண்ணிக்கொள்ள அன்று ராத்திரி அவளை என் வீட்டிலேயே படுக்கவைத்தேன். காலையில் நெருப்புப் பக்கம் போகும் முன் ஊதினாள். மூன்று. பச்சை.

"மலைக்கு ஏறுவோம்" என்றேன். மலை உச்சியில்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். "ரைஜீலி நம்பர் என்கிட்ட இருக்கு. இன்னைக்கே சொல்லிடுவோம்."

அகோசிடா என் மணிக்கட்டைப் பிடித்தாள். கோடரி பிடித்த கை, வலித்தது.

"மாட்டேன்."

"ஏன்டி?"

"அவ எங்க வெச்சுச் சொன்னா? சபைல. எத்தன பேர் சிரிச்சாங்க? ஊரே சிரிச்சுது. நான் மலைமேல நின்னு போன்ல சொன்னா, அவ அய்யோ பாவம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு டீ குடிக்கப் போயிடுவா. நைம்புகா காதுல விழுமா? தேங்கா உடைக்க வராத பத்துப் பேர் காதுல விழுமா? முடியாது. அதே சபைல, அதே பாய்ல உக்காந்து அவ ஊதணும். சிவப்பு எரியணும். எரியும்போது அவ மூஞ்சிய நான் பாக்கணும்."

"அவ ஏன் ஊதப் போறா?"

"ஊதுவா. தௌவு சொன்னா மாட்டேன்னு சொல்ல முடியாதுல்ல. அக்டோபர்ல வருவா. வரட்டும்."

அன்றைக்கே விலிகேசாவிடம் சொன்னாள். அவன் கொட்டகை வாசலில் மட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தான். கேட்டுவிட்டு மட்டையைக் கீழே வைத்தான். கண் கலங்கியது. தான் பொய்யன் இல்லை என்று பெண்டாட்டிக்காவது அத்தாட்சி கிடைத்ததே என்று இருக்கலாம்.

"போன் பண்ணிடு அகோ" என்றான்.

"அக்டோபர்ல நேர்ல சொல்றேன்."

"எனக்கு மூச்சு முட்டுது. நீ வேடிக்கை பாக்க அக்டோபர் வரைக்கும் நான் முட்டிக்கிட்டே கிடக்கணுமா? சொல்லிடு. பேர எழுதிக்கட்டும்."

"பேர் எழுதறதே அக்டோபர்லதான விலி? போன வருஷமும் அவ வந்து ஊதவெச்சுத்தான எழுதினா? ஜூன்ல சொன்னா மட்டும் உன்ன நாளைக்கே அறுக்கப் போறாங்களா?"

"எனக்கு அவ மூஞ்சி வேணாம். வால்வு போதும்."

"உனக்குப் போதும். எட்டு மாசமா உன் தேங்காய உடைச்சவ நான். எனக்கு மூஞ்சியும் வேணும்."

அவன் என்னைப் பார்த்தான். டீச்சர், நீயாவது சொல்லு என்கிற பார்வை. அவள் சொல்வதும் நியாயமாகத்தான் தெரிந்தது. பேர் எழுதுவது அக்டோபரில்தானே. அது பாதி உண்மை. மீதியைச் சொல்கிறேன். எனக்கும் அந்தக் கூத்தைப் பார்க்க ஆசை இருந்தது. ஒரு நாள் நான் தனியாக மலையேறி இரண்டு நிமிஷம் பேசியிருக்கலாம். அடுத்த படகில் அனுப்பலாம் என்று மெஷினைத் திரும்ப சாக்பீஸ் பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன்.

ஜூலை போயிற்று, ஆகஸ்ட் போயிற்று. விலிகேசாவின் கணுக்கால் வீங்கியது. ராத்திரி படுத்தால் மூச்சு வராமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினான். அகோசிடா அவனுக்குக் கீரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துக் கரண்டியால் ஊட்டினாள். ஊட்டும்போதே அவளுக்கு நாடகம் ஓடிக்கொண்டிருக்கும். "பாரேன் விலி, அவ உக்காருவா. நான் சொல்லுவேன், தௌவு, நீ முதல்ல ஊதுன்னு. அவ சிரிப்பா. சிரிச்சுக்கிட்டே ஊதுவா." அவன் வாய் நிறையக் கீரையோடு தலையாட்டுவான். கடைசியில் அவனுக்கே அதில் ஒரு ருசி வந்துவிட்டது. படகு எந்தத் தேதி என்று அவனே கேட்க ஆரம்பித்தான்.

அக்டோபர் பதினெட்டாம் தேதி காலையில் படகு வந்தது. தூறல் விட்டு வெயில் அடித்தது. ரைஜீலி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்து வந்தாள். கொஞ்சம் பெருத்திருந்தாள். நைம்புகா துறையிலேயே நின்று வரவேற்றார். யங்கோனா வேரை வைத்து அனுமதி கேட்கும் சடங்கு முடிந்தது. மத்தியானம் சபை கூடும், அதற்கு முன்னால் சாப்பாடு என்று ஏற்பாடு.

அகோசிடா நேராகப் போய் ரைஜீலி கையைப் பிடித்தாள்.

"வா தௌவு. சாப்பாடு சும்மா போடுவோம்னு நெனச்சியா? நமாதாவாக்காரி ஒருத்திய வேலை வாங்கி ரொம்ப நாளாச்சு. எங்க கொட்டகைல நெருப்பு அணையுது."

சுற்றி நின்ற பெண்கள் கைதட்டினார்கள். ரைஜீலியும் சிரித்தாள்.

"அகோசிடாதானே நீ? விடு, இவங்கள ஊதவெச்சுட்டு வரேன்."

"ஊதுறது எங்கயும் ஓடிடாது. நெருப்பு ஓடிடும். படிச்சவளுக்கு மட்டை அடுக்கத் தெரியாதுன்னு சொல்லு, விட்டுடறேன்."

"எனக்கா தெரியாது? எங்கம்மா கொட்டகைலதான்டி நான் வீட்டுப்பாடமே எழுதினேன்."

சொன்னதோடு நில்லாமல் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் வாசலில் உட்கார்ந்து மரவள்ளி சீவிக்கொண்டிருந்தேன். நிஜத்தைச் சொல்ல வேண்டும், அவள் வேலை நன்றாகத் தெரிந்தவள். மட்டையைக் கவிழ்த்து அடுக்கினாள். சிரட்டையை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, நெருப்பு ஊர்ந்து போகிற மாதிரி வரிசை வைத்தாள். குனிந்து ஊதினாள். கண்ணீர் வழிய வெளியே எழுந்து வரப் பார்த்தாள், அகோசிடா விடவில்லை.

"அதுக்குள்ளயா? எங்க வீட்டு ஆளு ஒரு நாள் முழுக்க உக்காருறார்."

"இருபது வருஷமாச்சுடி. சுவால அடுப்புக் குமிழத் திருப்பினா நெருப்பு. மறந்தே போச்சு."

"மறந்துதான் போயிருக்க" என்றாள் அகோசிடா.

இரண்டு மணி நேரம் உட்காரவைத்தாள். பேச்சுக்குப் பேச்சு கொடுத்து, வறுத்த மீனைக் கையிலேயே கொடுத்து, கொப்பரையைப் புரட்டவைத்து, எழவே விடவில்லை. ரைஜீலி தன் ஆராய்ச்சியைப் பற்றி சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தாள். விட்டுவிட்டேன் என்று சொல்கிறவர்களில் பத்துக்கு நாலு பேர் பொய் சொல்கிறார்கள் என்று அவள் கண்டுபிடித்திருந்தாளாம். வெளிநாட்டுக் கூட்டங்களில் அதைப் பற்றிப் பேசக் கூப்பிடுகிறார்களாம். புகைக்கு நடுவில் உட்கார்ந்து அவள் அதைச் சொல்லச் சொல்ல அகோசிடா இன்னும் இரண்டு மட்டையை நெருப்பில் தள்ளினாள்.

பிறகு சபை. பாய் விரித்து ஊரே உட்கார்ந்திருந்தது. விலிகேசா கடைசியில், தூணில் சாய்ந்து இருந்தான். ரைஜீலி முகத்தைக் கழுவிவிட்டு வந்து மெஷினை எடுத்தாள்.

"யார் முதல்ல?"

அகோசிடா எழுந்தாள். பெண்கள் வரிசையிலிருந்து நடந்து வந்து, ரைஜீலி எதிரில் உட்கார்ந்தாள்.

"நீ முதல்ல, தௌவு."

சபை சிரித்தது. ரைஜீலியும் சிரித்தாள்.

"நான் எதுக்கு? நான் புகைக்கிறதில்ல."

"அதான் எங்க வீட்டு ஆளும் சொன்னாரு. நமாதாவாக்காரி வாயை நம்பாதன்னு எங்கப்பனும் சொல்லியிருக்கான். ஊது."

கையில் குழாயை வைத்து அழுத்தினாள். தௌவு கேட்டால் மறுக்கக்கூடாது. ரைஜீலி புதுக் குழாய் செருகி, மூச்சைப் பிடித்து, கண்ணைச் சிமிட்டிக்கொண்டே ஊதினாள். அகோசிடா அவள் கையிலிருந்து மெஷினைப் பிடுங்கி சபைக்குக் காட்டினாள்.

பத்தொன்பது. சிவப்பு.

முதலில் ஒருவருக்கும் புரியவில்லை. அப்புறம் ஒரு கிழவி களுக்கென்று சிரித்தாள். அடுத்த நிமிஷம் கூரை போய்விடும் போல ஆயிற்று. குழந்தைகள் எழுந்து குதித்தன. டாக்டர் சுக்கி பிடிக்கிறா, டாக்டர் சுக்கி பிடிக்கிறா என்று என் பள்ளிக்கூடப் பிள்ளைகளே கத்தின. நான் அடக்கவில்லை. நானும் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அகோசிடா சிரிக்கவில்லை. ரைஜீலி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு அடங்கினதும் நிதானமாகச் சொன்னாள்:

"மெஷின் பொய் சொல்லாது தௌவு. வாய்தான் சொல்லும். பேனா எடு. உன் பேர எழுதிக் கோடு போடு."

ரைஜீலி பேனா எடுக்கவில்லை. தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். நகக்கண்ணில் கரி இருந்தது. சட்டைக் கையை முகர்ந்தாள். அவள் முகம் வெளுப்பதைக் கண்ணால் பார்த்தேன். நாங்கள் நினைத்தது ஒரு மனுஷன் பேர். அவளுக்கு அந்த நிமிஷம் பதினோரு ஊர், விறகடுப்பு எரிகிற அத்தனை வீடு, பத்துக்கு நாலு, எல்லாம் சேர்ந்து தலையில் விழுந்திருக்க வேண்டும். படித்தவள் அல்லவா, எங்களைவிட வேகமாகக் கணக்குப் போட்டுவிட்டாள்.

எழுந்து, குனிந்தபடியே சபையைக் கடந்து போய் விலிகேசா முன்னால் பாயில் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்கிற முறைப்படி கைகளைக் குவித்து மூன்று தடவை தட்டினாள்.

"தப்பு என்னோடது. நீங்க பொய் சொல்லல. என் மெஷினுக்கு எந்தப் புகைன்னு தெரியாது. எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நான் அந்தப் புகைல பிறந்தவ."

விலிகேசாவும் கை தட்டி அதை ஏற்றுக்கொண்டான். நைம்புகா கனைத்துக்கொண்டு, விலிகேசா, இப்படி முன்னால வந்து உக்காரு என்றார். ஆண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். ஒரு வருஷத்துக்குப் பிறகு கிண்ணம் அவன் கைக்கு வந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பழி என்றால் இப்படித் தீர்க்க வேண்டும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், மறைப்பானேன்.

அகோசிடாவும் நானும் வெளியே வந்தோம். ரைஜீலி பின்னாலேயே வந்தாள். பலாமர நிழலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லாப் போட்ட தௌவு" என்றாள். "எனக்கு வேணும். எப்படிக் கண்டுபிடிச்ச?"

நான் பையிலிருந்து பழைய மெஷினை எடுத்துக் கொடுத்தேன். "உங்க ஆளு விட்டுட்டுப் போனது. அகோசிடா சும்மா ஊதினா. இருபத்திரண்டு."

"எப்போ? நேத்தா?"

"நேத்தா?" அகோசிடாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "ஜூன்ல. ஜூன்லயிருந்து உனக்காகக் காத்துக்கிட்டு இருக்கேன்."

ரைஜீலி துடைப்பதை நிறுத்தினாள்.

"ஜூன்லயா? ஏன் போன் பண்ணல?"

"போன்ல உன் மூஞ்சி தெரியுமா?"

"இல்ல அகோசிடா. ஏன் பண்ணல? இந்த வருஷம் பட்டியல ஆகஸ்ட் கடைசில மூடிட்டாங்க. வால்வு அளவு முன்கூட்டியே அனுப்பணும்னு மாத்திட்டாங்க. எல்லா ஊருக்கும் கடுதாசி போட்டோமே."

"யாருக்குப் போட்டீங்க?" என்று நான் கேட்டேன்.

அவள் கொஞ்சம் தயங்கினாள். "பட்டியல்ல இருக்கிறவங்களுக்கு."

அகோசிடா மரப்பட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ ஜூன்ல சொல்லியிருந்தா நான் எழுதியிருப்பேன். பன்னிரண்டு இடம். பதினொண்ணுதான் நிரம்புச்சு." சொன்னதும் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவள் முகத்தில் தெரிந்தது. "மலைக்கு ஏறி இப்பவே பேசிப் பாக்குறேன். ஆனா நம்பிக்கை வெச்சுக்காத. அடுத்த வருஷம் முதல் பேர் அவருதான், அது சத்தியம்."

அடுத்த வருஷம். அவன் கணுக்காலை நர்ஸ் அமுக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் தனியாகச் சொன்னது எனக்குத் தெரியும். அகோசிடாவுக்கும் தெரியும்.

சபைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. விலிகேசாதான் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். மூச்சைப் பிடிக்கிறான், கண்ணைச் சிமிட்டுகிறான், ஊதுகிறான். அந்த ஒரு வருஷத்தில் அவனை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. எங்களைப் பார்த்ததும் குரல் கொடுத்தான்.

"அகோ, தௌவு என்ன சொல்றா? எப்போ கெளம்பணும்?"

அகோசிடா உள்ளே போனாள். ஆண்கள் வட்டத்துக்குள் பெண் போவதில்லை. இவள் போய் அவனுக்கு முன்னால் மண்டியிட்டாள். ஒளிக்கவும் இல்லை, சுற்றி வளைக்கவும் இல்லை.

"ஆகஸ்ட்லயே மூடிட்டாங்க விலி. ஜூன்ல சொல்லியிருந்தா எடம் இருந்துச்சாம்."

விலிகேசாவின் முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, போக மறந்த மாதிரி. அவளைத் திட்டுவான் என்று பார்த்தேன். கை ஓங்கினாலும் ஓங்கட்டும் என்று பார்த்தேன். அவன் அவள் தலையில் கையை வைத்தான், எடுத்தான். பிறகு சுற்றி உட்கார்ந்திருந்த ஆண்களை ஒவ்வொருவராகப் பார்த்தான்.

"யார்கிட்டயாவது சுக்கி இருக்கா?" என்று கேட்டான்.

வாசலில் ரைஜீலி இரண்டு கையிலும் இரண்டு மெஷினோடு நின்றிருந்தாள். அகோசிடா அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, யாரும் குடுக்காதீங்க, யாரும் குடுக்காதீங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஐந்தாறு பேர் கை தன்னையறியாமல் சட்டைப் பைக்குப் போனது. முதலில் போனது நைம்புகாவின் கை.